வெளிச்சவீட்டில் ஒரு கிழமை

செய்த வேலைகளை முதலிலேயே சொல்லிவிடுகிறோம், வாசிக்கிறவர்கள் பிறகு ஏமாறக் கூடாது. புல் வெட்டினோம். ரொயிலற் கழுவினோம். பித்தளைச் சாமான்களை மினுக்கினோம். காலையில் கொடி ஏற்றி, பின்னேரம் இறக்கினோம். ஒன்பது மணியில் இருந்து ஐந்து மணி வரைக்கும் வந்த சனத்தை எல்லாம் மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். 74 படி. ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறி இறங்கினோம் என்று எண்ணுவதை மூன்றாம் நாளோடு விட்டாச்சு. விளக்கை மட்டும் தொடவில்லை. அது தானாக எரிகிறது. ஐந்து செக்கனுக்கு ஒருக்கா வெள்ளையாக மின்னுகிறது. பழுதானால் வந்து பார்க்க வேண்டியது அமெரிக்கக் கரையோரக் காவல்படை. பெயர் என்னவோ வெளிச்சவீட்டுக் காப்பாளர், ஆனால் வெளிச்சத்தில் எங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லை.

இதற்குச் சம்பளமும் கிடையாது. ஆளுக்குச் சில நூறு டொலர் நாங்கள்தான் கட்டினோம்.

"காசு குடுத்தோ வேலை செய்யப் போறியள்?" என்று அம்மா கேட்டா. பதில் ஒன்றும் சரியாக வரவில்லை. "லீவுதானே அம்மா, ஒரு மாற்றத்துக்கு" என்று சமாளித்தோம். "லீவெண்டால் படுத்துக் கிடக்கிறதெல்லோ" என்றா.

நாங்கள் நாலு பேர். இரண்டு பேருக்குச் சியாற்றிலில் வேலை, இரண்டு பேர் வன்கூவரில் இருந்து எல்லை தாண்டி வந்தோம். அம்மா எங்களில் ஒருத்தியின் அம்மா, பருத்தித்துறையில் இருந்து மகளிடம் வந்து நின்றவ. மற்ற மூன்று பேருக்கும் அன்ரி. முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு எல்லோருக்கும் அம்மாவாகிவிட்டா, அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறோம்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஸ்குவிம் என்ற சின்ன ஊர். அங்கிருந்து ஹுவான் டி ஃபூகா நீரிணைக்குள் ஒரு மணல்நாக்கு நீட்டிக்கொண்டு கிடக்கிறது. நீளம் கிட்டத்தட்ட ஐந்தரை மைல். அகலம் சில இடங்களில் ஒரு வீட்டு வளவு அளவுதான் இருக்கும். அமெரிக்காவில் இயற்கையாக உண்டான மணல்நாக்குகளில் இதுதான் ஆக நீளமானது. இன்னும் வளர்ந்துகொண்டும் இருக்கிறது. அதன் நுனிக்குக் கிட்ட நிற்பது நியூ டஞ்சனெஸ் வெளிச்சவீடு. 1792 இல் இந்தப் பக்கம் வந்த ஜோர்ஜ் வன்கூவர், இங்கிலாந்தில் உள்ள டஞ்சனெஸ் முனை மாதிரி இருக்கிறதே என்று வைத்த பெயர். பிறகு அந்தப் பெயர் நண்டுக்கும் ஒட்டிக்கொண்டது. டஞ்சனெஸ் நண்டு இங்கே பெரிய புகழ். வருகிற வழியில் வாங்கி அம்மா குழம்பு வைத்தா. ருசி நல்லது, ஆனால் எங்கட நீலக்கால் நண்டுக்குக் கிட்ட வராது என்பது அம்மாவின் தீர்ப்பு. அதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை.

விளக்கை முதலில் ஏற்றியது 1857 டிசம்பர் 14. அப்போது கோபுரம் ஏறக்குறைய 100 அடி. காலப்போக்கில் சுவரில் வெடிப்பு விழுந்து, 1927 இல் மேல்பகுதியை இடித்து 63 அடியாகக் குறைத்தார்கள். உச்சியில் இப்போது இருக்கும் கண்ணாடிக் கூடு இதற்காகச் செய்ததும் அல்ல. அட்மிரல்ற்றி ஹெட் என்ற, மூடப்பட்ட இன்னொரு வெளிச்சவீட்டில் இருந்து கழற்றிக்கொண்டு வந்து பூட்டியது. கிட்ட நின்று பார்த்தால் உடம்புக்கும் தலைக்கும் அளவு கொஞ்சம் பொருந்தாத மாதிரி இருக்கும். எங்களுக்கு அது பிடித்திருந்தது.

விளக்கு தானாக எரியத் தொடங்கிய பிறகு ஆள் தேவையில்லை என்று ஆகிவிட்டது. 1994 மார்ச்சில் கரையோரக் காவல்படையின் கடைசிக் காப்பாளர்கள் போனார்கள். கடல் காற்றில் ஆளில்லாத வீடு என்ன ஆகும் என்று எங்கட ஊர்ச் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. கதவு போகும், பிறகு யன்னல், பிறகு கூரை. அதே ஆண்டு செப்டெம்பரில் உள்ளூர் ஆக்கள் சங்கமாகச் சேர்ந்து, நாங்கள் மாறி மாறி வந்து இருக்கிறோம் என்று பொறுப்பெடுத்தார்கள். அன்றில் இருந்து சனிக்கு சனி ஆள் மாறுகிறது. பெரும்பாலும் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரக் குடும்பங்கள், பேரப்பிள்ளைகளோடு. நாங்கள் நாலு பேரும் அம்மாவும் இறங்கினபோது, முன்கிழமைக் காப்பாளர்கள் எங்களையும் எங்கள் அரிசி மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு சிரித்துக்கொண்டு தூக்க வந்தார்கள்.

போகிற பாதை என்று ஒன்று இல்லை, கடற்கரைதான் பாதை. கடல் வற்றின நேரம் பார்த்து நாலு சில்லும் இழுக்கிற வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கரை முழுக்க அடித்து ஒதுக்கிய மரக்குற்றிகள். அவற்றுக்கும் அலைக்கும் நடுவில் ஊர்ந்து போக வேண்டும். பெருக்கு வந்தால் வழி இல்லை. ஆகவே ஒரு கிழமைக்கு வேண்டிய சாப்பாடு எல்லாம் முதலே கட்டிக்கொண்டு போக வேண்டும். வெங்காயம் முடிந்தால் முடிந்ததுதான்.

போய்ச் சேர்ந்து சாமான் இறக்குமுன்னரே அம்மாவின் கண்ணில் பட்டது ஒரு அறிவித்தல் பலகை. இதற்கு அப்பால் செல்லத் தடை. வெளிச்சவீட்டுக்கு அங்கால் உள்ள நுனிப்பகுதியிலும், உட்பக்கக் குடாக் கரையிலும் ஒருவரும் கால் வைக்கக் கூடாது.

"இங்கயும் தடை வலயமோ?"

"ஓம் அம்மா. பறவையளுக்காக."

"பறவையளுக்கோ?"

1915 இல் இருந்து இந்த இடம் முழுக்க வனவிலங்குச் சரணாலயம். கடல்நாய்கள் குட்டி போட வரும், காட்டு வாத்துகள் தங்கிப் போகும். நாய் கொண்டு வரக் கூடாது, பட்டம் விடக் கூடாது. அம்மா பலகையை இன்னொரு தரம் பார்த்தா. "உது பறவாயில்லை" என்றா. அந்தக் கிழமை முழுக்க அந்தப் பக்கம் ஒரு அடி வைக்கவில்லை. எங்களில் ஒருவர் படம் எடுக்கக் கோட்டுக்குக் கிட்டப் போனபோது உரத்துக் கூப்பிட்டதும் அவதான்.

நாள் எப்படிப் போகும் என்றால், வேலை அதிகம் இல்லை, ஆனால் ஓய்வும் இல்லை. விடிய எழும்பினால் பாதி நாட்கள் புகார் மூடி இருக்கும், கோபுரம் தெரியாது. பத்து மணிக்கு மேல் கலையும். தெற்கே ஒலிம்பிக் மலைகள், பனி அப்பிய தலையோடு. வடக்கே தண்ணீருக்கு அங்கால் கனடாவின் வன்கூவர் தீவு. நீரிணைக்குள் கொள்கலன் கப்பல்கள் வரிசையாகச் சியாற்றிலுக்கும் ரக்கோமாவுக்கும் போகும். மத்தியானம் கழிந்ததும் மேல்காற்று பிடிக்கும். புல் வெட்ட வேண்டியது அதற்கு முன்னர். இந்த மணலுக்குள் எதற்குப் புல்தரை என்று எங்களுக்கும் விளங்கவில்லை. காப்பாளர் குடும்பங்கள் இருந்த காலத்தில் இருந்து வருகிறது, ஆகவே தொடர்கிறது.

பித்தளை மினுக்குவதில் அம்மாவை ஒருவரும் வெல்ல முடியாது. குத்துவிளக்கு மினுக்கின கை. புளி இருந்தால் ஐந்து நிமிசம் என்று திரும்பத் திரும்பச் சொன்னா. கைநூலில் ஒரு குறிப்பிட்ட போத்தல்தான் பாவிக்கச் சொல்லி இருந்தது. அந்தப் போத்தல் மணத்தை அம்மா கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை.

வருகிறவர்கள் எல்லாம் நடந்து வருகிறவர்கள். வாகனத் தரிப்பிடத்தில் இருந்து போய்வர 18 கிலோமீற்றர் அளவு, கூழாங்கல்லிலும் மணலிலும். வந்து சேர்ந்தவுடன் கேட்பது வரலாறு அல்ல. தண்ணீர் எங்கே, ரொயிலற் எங்கே, இந்த இரண்டும்தான். பிறகு புல்லில் விழுந்து படுப்பார்கள். சப்பாத்தைக் கழற்றிக் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். அரை மணித்தியாலம் கழித்துத்தான் "மேலே ஏறலாமா" என்ற கேள்வி வரும். அப்போதுதான் எங்கள் வேலை என்ன என்று எங்களுக்கே பிடிபட்டது. கதவு திறந்திருக்க வேண்டும், திறந்த கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாள் ஐந்தேகாலுக்கு, கோபுரம் பூட்டின பிறகு, ஒரு தகப்பனும் எட்டு வயது மதிக்கத்தக்க மகளும் வந்தார்கள். பிள்ளை அழுகிற நிலையில். திறந்தோம். பிள்ளை மேலே ஏறி ஒரு நிமிசம்கூட நிற்கவில்லை, "சரி, பார்த்தாச்சு" என்று இறங்கிவிட்டது. தகப்பன்தான் நெடுநேரம் நின்றார்.

இனி, எங்களுக்குள் சண்டை வந்த விசயம்.

மேலே நின்று தெற்குப் பக்கம் பார்த்தால், பெரிய மணல்நாக்கில் இருந்து கிளை பிரிந்து குடாவுக்குள் போகிற ஒரு சின்ன மணல்நாக்கு தெரியும். வரைபடத்தில் அதன் பெயர் கிரேவ்யார்ட் ஸ்பிற். சவக்காலைத் திட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள்.

கதை இதுதான். 1868 செப்டெம்பரில், வடக்கே தங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிம்ஷியன் மக்கள் 18 பேர், இரவு தங்குவதற்காக அங்கே படகுகளைக் கரையேற்றினார்கள். இந்தப் பக்கத்து கிளாலம் மக்களில் ஒரு குழு, பழைய பகையை மனதில் வைத்து, இரவோடு இரவாகப் போய் நித்திரையில் கிடந்தவர்களைக் கொன்றது. ஒருத்தி மட்டும் தப்பினாள். கர்ப்பிணி. காயத்தோடு மணலில் இழுபட்டு, எரிகிற வெளிச்சத்தைப் பார்த்து இங்கே வந்து சேர்ந்தாள். அப்போது காப்பாளராக இருந்த ஹென்றி பிளேக்கும் மனைவியும் அவளை உள்ளே எடுத்துக் காப்பாற்றினார்கள்.

முதல் நாள் எங்களில் ஒருத்தி இதை அப்படியே சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டி, "அந்தக் காலத்து இந்தியர்கள்..." என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரவு சமையலறையில் வாக்குவாதம் தொடங்கியது. ஒருவர் சொன்னார், இதைச் சொல்லவே தேவையில்லை, ஆக்கள் நடந்து வாறது காற்று வாங்க, படம் எடுக்க. இன்னொருத்தி: கொலை நடந்த இடத்தை வடிவான இடமாக மட்டும் காட்டுறதை எங்கட நாட்டில் நாங்கள் எவ்வளவு ஏசுறோம், இங்க வந்து நாங்களே செய்யிறதோ? மூன்றாவது ஆள் கேட்டது இன்னும் கஷ்டமான கேள்வி. கதையைச் சொன்னால் கிளாலம் மக்கள் கொலைகாரராகவும், விளக்கு வைத்த வெள்ளைக்காரன் நல்லவனாகவும் முடிகிறது. 1855 ஒப்பந்தத்தோடு அந்த மக்களிடம் இருந்து இந்த நிலம் போன கதையை யார் சொல்கிறார்கள்? ஒரு இரவுக் கதை இருக்கிறது, அதற்கு முன்னும் பின்னும் இல்லை.

மணல் திட்டு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஓட வழியில்லாமல் சனம். அந்த நில அமைப்பைப் பற்றி எங்கள் நாலு பேருக்கும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. யாரும் அன்றிரவு முள்ளிவாய்க்கால் என்ற சொல்லை எடுக்கவும் இல்லை. ஆனால் குரல் உயர்ந்ததற்குக் காரணம் சிம்ஷியனும் கிளாலமும் மட்டும் அல்ல.

அம்மா இவ்வளவு நேரமும் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. இங்கிலீஷும் தமிழும் கலந்து நாங்கள் கத்தினதில் பாதி விளங்கி இருக்கும்.

"அந்தப் பிள்ளைத்தாச்சிக்குப் பிறகு என்ன நடந்தது?"

"தப்பிட்டா அம்மா. விளக்குக்காரன் வீட்டில வைச்சுப் பார்த்தவையாம்."

"அவன் திறக்காமல் விட்டிருக்கலாம் எல்லோ. வெட்டினவங்கள் பின்னால வாறாங்களோ எண்டு பயந்திருப்பான்."

"ஓம்."

"அப்ப அதையும் சொல்லுங்கோ, மற்றதையும் சொல்லுங்கோ. எல்லாத்தையும் சொன்னால் என்ன? அஞ்சு மைல் நடந்து வந்த சனம், அஞ்சு நிமிசம் கூட நிக்காதே?"

அடுத்த நாளில் இருந்து கேட்டவர்களுக்கு இரண்டையும் சொன்னோம். 1868 ஐச் சொல்லிவிட்டு, 1874 க்குப் போனோம். அந்த ஆண்டு, துரத்தப்படுகிற நிலையில் இருந்த கிளாலம் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, 500 டொலர் தங்கக் காசு சேர்த்து, இந்தக் கரையில் 210 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கின. தங்கள் முன்னோர் வாழ்ந்த கரையைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். ஜேம்ஸ்ரவுன் என்று பெயர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் பக்கத்தில் இருக்கிறார்கள், இந்த மணலையும் குடாவையும் பற்றிய முடிவுகளில் அவர்களுக்கும் இடம் இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் அந்தக் கரை தெரியும், கையால் காட்டலாம். சிலர் கேட்டார்கள், சிலர் ஃபோனைப் பார்த்தார்கள். ஒரு முதியவர், இந்தப் பக்கத்துக்காரர், இருபது வருசமாக நடந்து வருகிறேன், இந்த இரண்டாவது கதையை இங்கே வைத்து ஒருவரும் சொன்னதில்லை என்றார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா, முறைப்பாடாகச் சொன்னாரா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா ஏறியது புதன்கிழமை. முழங்கால் வருத்தம் என்பதால் நாங்கள் கேட்கவே இல்லை. பின்னேரம் கதவைப் பூட்டப் போக, "பொறு, நானும் ஒருக்கா ஏறுறன்" என்று செருப்பைக் கழற்றினா. கோயிலா என்று பகிடி விட்டோம், காதில் விழுத்தவில்லை. பன்னிரண்டு பன்னிரண்டு படியாக, இடையில் நின்று மூச்சு வாங்கி, ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். கடைசிப் பகுதி செங்குத்து. கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிட்டா.

மேலே வந்து வடக்குப் பக்கமாக நின்றா. கோடை காலம், ஒன்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்தது.

"அங்கால தெரியிறது கனடாவோ?"

"ஓம், விக்ரோறியாப் பக்கம்."

"எங்களுக்கு அங்கால கோடியக்கரை" என்றா.

பருத்தித்துறை வெளிச்சவீடு 1916 இல் கட்டியது. 32 மீற்றர், இதைவிட நல்ல உயரம். அம்மா பிறந்து வளர்ந்த வீட்டு முற்றத்தில் நின்றால் தெரியும். அவவின் ஐயா கடலுக்குப் போனவர். இரவில் திரும்பும்போது வெளிச்சத்தை எந்தப் பக்கம் வைத்து வள்ளத்தைத் திருப்ப வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சோற்றுப் பருக்கையால் கீறிக் காட்டுவாராம். நாங்கள் அதைப் பார்த்தது எல்லாம் வேலிக்கு வெளியே நின்றுதான். கடலுக்கே இறங்க விடாத காலத்தில் பிறந்த பிள்ளைகள் நாங்கள். போன முறை ஊருக்குப் போனபோதும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தோம். அம்மாவாவது சின்ன வயதில் ஏறி இருப்பா என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம்.

"எங்க ஏறினது? சின்னனில கேட்டனாங்கள், பொம்பிளைப் பிள்ளையள் ஏறக்கூடாது எண்டவை. பிறகு ஒருத்தரும் ஏறக்கூடாது எண்டாச்சு."

கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தா. கிழக்கே பேக்கர் மலை தெரிந்தது, மஞ்சள் வெயில் பட்டு. நாங்கள் வழமைபோல வருகிறவர்களுக்குச் சொல்லும் விளக்கத்தைத் தொடங்க, "சும்மா இருங்கோ கொஞ்சம்" என்றா. கால் மணித்தியாலம் இருக்கும். இறங்கும்போதுதான் முழங்கால் நொந்தது, பின்பக்கமாக, ஏணி இறங்குகிற மாதிரி இறங்கினா. அடுத்த இரண்டு நாளும் கதிரையில் இருந்தபடி, நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டா. இங்கிலீஷில் அவ சொன்னது ஒரே வசனம்: "முதல் குடியுங்கோ, பிறகு ஏறுங்கோ" என்பதன் மொழிபெயர்ப்பு. எல்லோருக்கும் விளங்கியது.

சனிக்கிழமை கடல் வற்றினது விடியப்புறம். இருட்டோடு எழும்பி, கட்டில் விரிப்பு மாற்றி, அடுப்பு துடைத்து, பதிவுப் புத்தகத்தில் எழுதினோம்: வந்தவர்கள் எத்தனை, காற்று எப்படி, புல்வெட்டி இரண்டாம் இழுப்பில்தான் ஸ்டார்ட் ஆகும். முந்தின பக்கங்களைத் தட்டிப் பார்த்தால் எல்லோரும் அதைத்தான் எழுதி இருக்கிறார்கள். மிஞ்சின மிளகாய்த்தூளை என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. கழுகு பார்த்தோம், அழகான அனுபவம் என்று எழுதிய பக்கங்களுக்கு நடுவில், மேல்தட்டில் சிவப்பு மூடிப் போத்தலைக் கவனமாகப் பாவிக்கவும் என்று ஒரு வரி சேர்த்தோம்.

போக விருப்பமானவர்களுக்கு: முதலில் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், கோடைக் கிழமைகள் வெள்ளெனவே நிரம்பிவிடும். வெங்காயம் கூடக் கொண்டு போங்கோ. முழங்கைக்கு ஏதும் வருத்தம் இருந்தால் பித்தளை வேலையைத் தவிர்க்கலாம்.

அம்மா செப்டெம்பரில் ஊருக்குத் திரும்பிவிட்டா. மார்கழியில் எங்களில் இரண்டு பேர் போகிறோம். வெளிச்சவீட்டடிக்குத் தானும் வாறாவாம், வேலியில் நிற்கிறவரிடம் ஏறலாமோ என்று கேட்டுப் பார்க்கப் போறாவாம். சிங்களம் எங்களைவிட அவவுக்கு நல்லாத் தெரியும்.